சரவாங்கி ஆராய்ச்சிக்கு அம்மாவ கூப்பிடுறாங்க, போலாமா? போங்க, ஆனா "பரவாயில்ல"ன்னு மட்டும் சொல்லாண்டாம்

மக்ளே, நீ எழுதினத ரெண்டு தடவ வாசிச்சேன். எனக்க பொண்ணு வயசுதான் இருப்ப, அதனால நீ-ன்னே எழுதுறேன், தப்பா எடுக்காத. அம்மாவுக்கு 52 வயசு, 6 வருஷமா சரவாங்கி, அதாவது ஆர்.ஏ.ன்னு சுருக்கிச் சொல்லுற ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் மூட்டு நோய், அதுக்கு வாரத்துல ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட்ங்கிற மருந்து போடுறாங்க, திருவனந்தபுரத்துல பாக்குற டாக்டர் சீட்டுல 'மாடரேட்'னு எழுதியிருக்காரு, இப்ப அங்கேயிருந்தே ஒரு ஆராய்ச்சிக்கு கூப்பிட்டிருக்காங்க, ரெண்டு தடவ உக்காந்து பேசணும், ஒரு கேள்வித்தாள் நிரப்பணும், 4 வாரம் டைரி எழுதணும், மருந்துல ஒண்ணும் கை வைக்க மாட்டாங்களாம். மாமா 'சோதனை எலி ஆக்கிப்போடுவாங்க'ன்னு சொல்லுதாரு, அம்மா 'எனக்கு அவ்வளவு ஒண்ணும் கூடல, நல்ல கூடின ஆளுகள கூப்பிடட்டும்'னு சொல்லுதாங்க. இதான நீ கேட்டது.

நான் குமரி மாவட்டம், தக்கலை பக்கம். ஸ்டாஃப் நர்ஸா வேல பாத்து ரிட்டயர் ஆனவ, வேலையில இருக்கும்போதே ஒரு மருந்து ட்ரையலுக்கு பேப்பர் வேலையெல்லாம் பாத்திருக்கேன், அதுக்குப் பிறவு எனக்கே ஆர்.ஏ. வந்து 13 வருஷம் ஆச்சு, நோயாளியா ரெண்டு ஆராய்ச்சியில கலந்திருக்கேன். அதனால மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உக்காந்து பாத்தவன்னு நெனச்சிக்கோ.

முதல்ல அம்மா சொன்னதுக்கு வாறேன், ஏன்னா மாமா சொன்னத விட அதுதான் எனக்கு மனசுல தைச்சுது. "எனக்கு அவ்வளவு கூடல." மாடரேட்டா இருக்குற எல்லாரும் இததான் சொல்லுவோம். கை வளைஞ்சு போனவங்கள ஆஸ்பத்திரி வராண்டாவுல பாத்திருப்போம்லா, அவங்கள பாத்துட்டு நம்ம வலிய பேசவே கூச்சமா இருக்கும். ஆனா மாடரேட்ங்கிறது 'கொஞ்சமா இருக்கு'ன்னு அர்த்தமில்ல. அது ஒரு ஸ்கோர். டாஸ் 28-ன்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க, 28 மூட்ட அமுக்கிப் பாத்து எத்தனையில வலி, எத்தனையில வீக்கம்னு எண்ணுவாங்க, உடம்புல அழற்சி எவ்வளவுன்னு காட்டுற ஈ.எஸ்.ஆர். இல்லேன்னா சி.ஆர்.பி.ங்கிற ரத்தப் பரிசோதனை பாப்பாங்க, அப்புறம் ஒரு கோடு போட்டு 'இந்த வாரம் மொத்தத்துல எப்படி இருந்தீங்க, இதுல குறிங்க'ன்னு நம்மகிட்ட கேப்பாங்க. இந்த நாலையும் சேத்தா ஒரு நம்பர் வரும். 2.6-க்கு கீழ வந்தா நோய் அடங்கியிருக்கு, 3.2-க்கு மேல 5.1 வரைக்கும் மாடரேட், அதுக்கு மேல போனா கடுமை.

அந்த 28 மூட்டு எதெல்லாம்னு தெரியுமா? தோள் 2, முழங்கை 2, மணிக்கட்டு 2, கைவிரல் மூட்டு 20, முழங்கால் 2. அவ்வளவுதான். கணுக்கால் இல்ல, கால்விரல் இல்ல. காலையில கட்டில விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது சரல் கல்லுல வெறுங்கால் வச்ச மாதிரி உள்ளங்கால் முன்பக்கம் குத்துமே, அது அந்தக் கணக்குல நேரடியா வராது. நீ அந்தக் கோட்டுல குறிக்கிற குறியில மட்டும்தான் அது வரும். அங்க போய் 'பரவாயில்ல சார்'னு கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு குறி போட்டுட்டு வந்துட்டா, அந்த வலி எங்கயும் பதிவாகாது. இத நல்லா மனசுல வச்சுக்கோ, நான் சொல்ல வந்ததே இதாக்கும்.

இன்னொண்ணு. 6 வருஷமா மருந்து எடுத்தும் மாடரேட்லயே நிக்குதுன்னா அத டாக்டர்கிட்ட தனியா கேக்கணும். இந்த நோய்க்கு இப்ப டாக்டர்மாரு வைக்கிற குறியே நோய அடக்குறது, இல்லேன்னா கம்மிக்கு கொண்டு வாறது, மாடரேட்ல நிறுத்துறது இல்ல. வீக்கம் தங்கிக்கிட்டே இருந்தா எலும்பு பைய பைய அரிச்சுக்கிட்டுதான் இருக்கும், நமக்கு வெளிய தெரியாது. டோஸ் போதுமா, கூட ஒரு மாத்திர சேக்கணுமா, ஊசி மருந்து யோசிக்கணுமான்னு கேளு. ஆராய்ச்சி வேற, சிகிச்ச வேற, ஆராய்ச்சிக்கு போறோம்லா அவங்க பாத்துக்குவாங்கன்னு இத விட்டுராத.

இனி சோதனை எலி விஷயம். மாமா மேல எனக்கு கோவமில்ல, அந்தப் பயம் நம்ம ஊர்ல வந்ததுக்கு காரணம் இருக்கு, ஆளுகளுக்கு ஒண்ணும் சொல்லாம கையெழுத்து வாங்கின காலம் இருந்துச்சு. அதனாலதான் சட்டம் இறுகிச்சு. ஆனா ஆராய்ச்சின்னா எல்லாம் ஒண்ணில்ல. புது மருந்த கொடுத்துப் பாக்குறது ஒரு வகை, அதுக்கு 2019-ல வந்த புது மருந்து மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள்னு தனி சட்டமே இருக்கு, அந்தப் பரிசோதனையால பாதிப்பு வந்தா இலவசமா வைத்தியம் பாக்கணும், நஷ்டஈடு கொடுக்கணும்னு அதுல இருக்கு. உன் அம்மாவ கூப்பிட்டிருக்கிறது அந்த வகை இல்ல. இது கேட்டு எழுதுற ஆராய்ச்சி. நோயோட ஒரு நாள் எப்படி போகுது, எது முடியல, எத விட்டுட்டாங்க, வீட்டுல எப்படி, காசு எவ்வளவு போகுதுன்னு கேப்பாங்க. ஊசி இல்ல, மாத்திர இல்ல, சிலதுல ஒரு தடவ ரத்தம் எடுப்பாங்க, எடுப்பாங்களான்னு முன்கூட்டியே கேட்டு வச்சுக்கோ.

இதுலயும் ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேன். பேசும்போது அழுக வரும். எனக்கு வந்துச்சு. சொன்ன விஷயம் வெளிய போயிருமோன்னு பயம் வரும். அதுக்குத்தான் எத்திக்ஸ் கமிட்டின்னு, ஆராய்ச்சி முறையா நடக்குதான்னு பாக்குற குழு ஒண்ணு பாத்து அனுமதி கொடுத்த பிறவுதான் எந்த ஆராய்ச்சியும் தொடங்கலாம். அதுல குறைஞ்சது 7 பேர் இருக்கணும், டாக்டர்மாரு மட்டும் இல்ல, சட்டம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர், சாதாரண பொதுஜனம் ஒருத்தர், தலைவர் அந்த ஆஸ்பத்திரிக்கு வெளிய உள்ளவரா இருக்கணும். ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 2017-ல போட்ட வழிகாட்டுதல் இந்த மாதிரி பேச்சு ஆராய்ச்சிக்கும் பொருந்தும்.

உன்கிட்ட ஒரு தகவல் தாளும் ஒரு சம்மதப் படிவமும் தருவாங்க. தரலைன்னா கேளு. அது அம்மாவுக்கு வாசிக்கத் தெரிஞ்ச மொழியில இருக்கணும். திருவனந்தபுரம்ங்கிறதால மலையாளத்துல நீட்டுவாங்க, நம்ம மேற்குப் பக்கத்து ஆளுகளுக்கு மலையாளம் பேசத் தெரியும், வாசிக்க எல்லாருக்கும் தெரியாது. 'தமிழ்ல தாங்க'ன்னு கேக்குறது உரிமையாக்கும், தயங்காண்டாம். எனக்கு ஒரு தடவ நடந்துச்சு, எந்த இடம்னு சொல்லல, ஓ.பி. வராண்டாவுல நம்பர் கூப்பிடுறதுக்கு காத்து நிக்கேன், ஒரு பையன் வந்து மூணு பக்கம் இங்கிலீஷ் பேப்பர நீட்டி 'கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கம்மா'ன்னான். நான் நர்ஸு, எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும், ஆனா எனக்கு அடுத்தாப்ல நின்ன அக்கா தோவாளையில பூ கட்டுறவங்க, அவங்க அதுக்குள்ள பேனாவ வாங்கிட்டாங்க. நான் அந்தப் பேனாவ அவங்க கையில இருந்து மெதுவா வாங்கி, 'தம்பி, இத வீட்டுக்கு கொண்டு போய் வாசிச்சுட்டு அடுத்த தடவ வரும்போது தாறோம்'னேன். அவனுக்கு பிடிக்கல. அடுத்த தடவ அவன் எங்க ரெண்டு பேர் பக்கமும் வரல. அப்படி வாங்குற கையெழுத்து சம்மதமே இல்ல. வீட்டுக்கு கொண்டுவந்து மாமா முன்னாடியே வாசிங்க, அவரு கேள்விய அவரே ஃபோன் போட்டு கேக்கட்டும். படிவத்துல ஆராய்ச்சி நடத்துறவரு நம்பரும் எத்திக்ஸ் கமிட்டி நம்பரும் இருக்கணும். இல்லேன்னா அதுவே ஒரு பதில்தான்.

வாசிக்கும்போது என்ன பாக்கணும்னா, எப்ப வேணும்னாலும் விலகலாம், விலகினா இப்ப பாக்குற வைத்தியத்துல எந்தக் கொறையும் வராதுன்னு எழுதியிருக்கணும். பேருக்கு பதிலா ஒரு குறியீட்டு நம்பர் போட்டுதான் எழுதுவோம்னு இருக்கணும். குரல ரெக்கார்டு பண்ணுவாங்களா, பண்ணினா எத்தனை வருஷம் வச்சிருப்பாங்க, யாரு கேப்பாங்கன்னு இருக்கணும். பஸ்காசு தருவாங்களான்னு கேக்குறதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, போக்குவரத்து செலவும் அந்த நாள் கூலி போனதுக்கும் கொடுக்கலாம்னு வழிகாட்டுதல்லயே இருக்கு. ஆனா ஆள இழுக்குறதுக்கு பெரிய காசு தாறோம்னா சந்தேகப்படு, நம்மகிட்ட காசு கேட்டா எழும்பி வந்துரு. மருந்து ட்ரையல்னா சி.டி.ஆர்.ஐ. நம்பர் கேளு, அது 2007-ல தொடங்கின தேசிய பதிவேடு, 2009 ஜூன்ல இருந்து ட்ரையல் எல்லாம் அதுல கட்டாயம் பதியணும், யாரு வேணும்னாலும் காசில்லாம தேடிப் பாக்கலாம். கேட்டு எழுதுற ஆராய்ச்சியும் நெறைய அதுல பதிஞ்சிருக்கும்.

சரி, உள்ள போனா என்ன நடக்கும்.

எனக்க முதல் பேட்டிய சொல்லுறேன். ஒரு சின்ன ரூம், மேலே ஃபேன், நடுவுல மேசை, ஒரு பொண்ணு, உன் வயசுதான் இருக்கும். டீ கொடுத்தா. ரெக்கார்டர ஆன் பண்ணுறதுக்கு முன்ன 'ஆன் பண்ணட்டுமா மேடம்'னு கேட்டா. 'காலையில எழும்புறதுல இருந்து சொல்லுங்க'ன்னா. நான் என்ன சொன்னேன்? 'எழும்புவேன், கொஞ்ச நேரம் விரலெல்லாம் விறைப்பா இருக்கும், அப்புறம் சரியாயிரும், பரவாயில்ல.' முடிஞ்சுது. அத்தனை வருஷத்த நாலு வரியில முடிச்சுட்டேன். அவ பேனாவ கீழ வச்சுட்டு என் கையவே பாத்துட்டு இருந்தா. 'மேடம், நீங்க டீ கிளாச ரெண்டு உள்ளங்கையாலயும் அணைச்சு பிடிச்சுதான் குடிக்கிறீங்க, எப்ப இருந்து இப்படி'ன்னு கேட்டா.

எனக்கே தெரியாது மக்ளே. எப்ப இருந்துன்னு எனக்கே தெரியாது. விரலால பிடிச்சா நழுவுது, உள்ளங்கையால அணைச்சா நிக்குது, கை தானே கண்டுபிடிச்சு வச்சிருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணொண்ணா வந்துச்சு. கதவு கொண்டிய விரலால தள்ள மாட்டேன், கைமுட்டியால தட்டுவேன். தேங்கா திருவ உக்காந்தா அரை மூடிக்கு மேல முடியாது, அதனால வீட்டுல புளிசேரி வைக்கிறதே குறைஞ்சு போச்சு, பிள்ளைகளுக்கு அம்மா ஏன் இப்ப வைக்கிறதில்லன்னு தெரியாது. மரச்சீனிக் கிழங்கு தோலு உரிக்கிறது போச்சு. ஈரத்துணி பிழிய மாட்டேன், அப்படியே கொடியில போட்டு சொட்ட விடுவேன், மழைக்காலத்துல ரெண்டு நாள் காயாது. சேலைக்கு கொசுவம் எடுக்க விரல் வராதுன்னு நைட்டியிலயும் சுடிதார்லயும் இறங்கிட்டேன், பள்ளிக்கு, அதாவது சர்ச்சுக்கு, போகும்போது மட்டும் மருமக வந்து கட்டி விடுவா. தல பின்ன முடியாம முடிய வெட்டினேன், எல்லார்கிட்டயும் 'கொட்டுது, அதான் வெட்டினேன்'னு சொன்னேன். அத அந்தப் பொண்ணுகிட்டதான் முதல் தடவயா உள்ளபடி சொன்னேன், அங்கதான் அழுதேன். அவ ரெக்கார்டர நிறுத்தினா. பிறவு நான்தான் 'ஆன் பண்ணு மக்ளே'ன்னேன்.

ஒரு மணி நேரம்னு சொன்னது ரெண்டு மணி நேரம் போச்சு.

அம்மாவும் முதல்ல பரவாயில்லன்னுதான் சொல்லுவாங்க, நம்ம வளப்பு அப்படி. அதனால முந்தின நாள் ராத்திரி நீயும் அம்மாவுமா உக்காந்து ஒரு நாள முழுசா ஓட்டிப் பாருங்க. பல் தேய்க்கிறது, பேஸ்ட் மூடி திறக்கிறது, கேஸ் அடுப்பு குமிழ் திருப்புறது, வாளியில வெள்ளம் தூக்குறது, பஸ் படி ஏறுறது, பஸ்ல மேல கம்பிய பிடிக்கிறது. நீ பாத்தத நீ சொல்லு, அவங்களுக்கே தெரியாதது உனக்கு தெரிஞ்சிருக்கும். ஆனா பேட்டியில நீ பக்கத்துல உக்காராண்டாம், மாமாவும் வேண்டாம். சொந்தக்காரங்க முன்னாடி சொல்ல முடியாதது எவ்வளவோ இருக்கு, யாரு உதவுறாங்க யாரு உதவலங்கிறதே சொல்ல முடியாது. பொம்பளப் பிள்ள வந்து கேக்கட்டும்னு அம்மாவுக்கு தோணினா அதையும் முன்கூட்டி சொல்லலாம்.

வேல பத்தி கேப்பாங்க, இத கவனமா சொல்லச் சொல்லு. நீ எழுதியிருந்த, அம்மா அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரிக்கொட்ட ஃபேக்டரியில, 20 வருஷம் வேல பாத்தாங்க, 2 வருஷம் முன்ன நிறுத்திட்டாங்கன்னு. இப்ப கேள்வித்தாள்ல 'என்ன வேலை செய்கிறீர்கள்'னு இருக்கும், அம்மா 'வீட்டுல சும்மாதான் இருக்கேன்'னு சொல்லுவாங்க, எழுதுறவரு இல்லத்தரசின்னு டிக் பண்ணிட்டு அடுத்த கேள்விக்கு போயிருவாரு. போச்சு. கொட்ட உடைக்கிறதுக்கு விரல் மடங்காம, ஒரு நாளைக்கு எத்தனை கிலோவோ அத்தனைக்குத்தான் கூலிங்கிற எடத்துல கிலோ குறைஞ்சு குறைஞ்சு ஒரு நாள் நின்னதுங்கிற முழுக் கதையும் அந்த 'சும்மா'வுக்குள்ள புதைஞ்சு போகும். 'நோயால நிறுத்தினேன், அதுக்கு முன்ன வாரம் இவ்வளவு வாங்கினேன்'னு சொல்லச் சொல்லு. மாடரேட் நோய்க்கு இவ்வளவு செலவு எதுக்குன்னு மேல உள்ளவங்க கேக்கும்போது எடுத்துக் காட்ட வேண்டிய கணக்கு அதுதான்.

மேல உள்ளவங்கன்னு சும்மா சொல்லல. இங்கிலாந்துல எந்த மருந்த அரசு செலவுல கொடுக்கலாம்னு நைஸ்னு ஒரு அமைப்பு முடிவு பண்ணும். ரொம்ப வருஷமா அங்க ஆர்.ஏ.-க்கு பயாலஜிக்னு சொல்லுற வகை ஊசி மருந்து வேணும்னா அந்த டாஸ் 28 ஸ்கோர் 5.1-க்கு மேல இருக்கணும். 5 இருந்தா கிடையாது. நடக்க முடியாம இருந்தாலும் கிடையாது. 2021-லதான் அது மாறிச்சு, ரெண்டோ அதுக்கு மேலயோ பழைய மருந்து பாத்தும் அடங்கலைன்னா மாடரேட் ஆளுகளுக்கும் அடாலிமுமாப், எட்டானர்செப்ட், இன்ஃப்ளிக்சிமாப் கொடுக்கலாம்னு சொன்னாங்க. விலை இறங்கினது அதுக்கு பெரிய காரணம், அத மறைக்க மாட்டேன், ஆனா அந்த அமைப்பு முடிவெடுக்கும்போது நோயாளிகள் வந்து தங்க நாள் எப்படி போகுதுன்னு சொல்லுறதையும் கேக்கும். நம்ம ஊர்ல ஸ்கோர் தடுக்கிறதில்ல, காசுதான் தடுக்குது, அதனால நம்ம சொல்ல வேண்டிய கதையும் வேற.

அப்புறம் இந்த சடவு. நம்ம பக்கம் சடவுன்னுதான் சொல்லுவோம், கேள்வித்தாள்ல 'சோர்வு'ன்னு இருக்கும். ராத்திரி நல்லா தூங்கினாலும் காலையில ஊறின சாக்க தூக்கி மேல போட்ட மாதிரி இருக்குமே, அது. டாக்டர்மாரு ரொம்ப காலம் இத தனியா அளக்கவே இல்ல தெரியுமா, மூட்டு எத்தனை வீங்கியிருக்கு, ரத்தத்துல எவ்வளவுன்னுதான் பாத்தாங்க. ஆர்.ஏ. ஆராய்ச்சியில எதெல்லாம் அளக்கணும்னு முடிவு பண்ண ஓமெராக்ட்னு ஒரு உலகக் குழு 1992-ல இருந்து கூடுது. 2002-ல ஆஸ்திரேலியாவுல கூடினப்பதான் நோயாளிகளையும் உக்கார வச்சாங்க. அவங்க சொன்ன முக்கியமான விஷயம், வலிக்கு சமமா இந்த சடவுதான் எங்கள கொல்லுதுன்னு. அதுக்கு அப்புறம்தான் ஆர்.ஏ. ஆராய்ச்சியில சடவையும் அளக்கணும்னு ஏத்துக்கிட்டாங்க. இத்தனை ஆயிரம் டாக்டர்மாருக்கு தோணாதது உக்காந்து பேசின நோயாளிகளாலதான் வந்துச்சு. அம்மா சொல்லப் போறதுலயும் இந்த மாதிரி ஒண்ணு இருக்கலாம், அத முன்கூட்டி யாருக்கும் தெரியாது.

கேள்வித்தாள் பத்தி. ஹாக்னு, அன்றாட வேல எவ்வளவு முடியுதுன்னு கேக்குற ஒண்ணு தருவாங்க பெரும்பாலும், அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுல 1980-ல வந்தது, 20 கேள்வி, கஷ்டமில்லாம, கொஞ்சம் கஷ்டத்தோட, ரொம்ப கஷ்டத்தோட, முடியவே முடியலன்னு நாலுல ஒண்ண குறிக்கணும். அந்த மூல கேள்வியில தொட்டியில குளிக்கிறது, பால் அட்டைப்பெட்டி திறக்கிறது, இறைச்சிய கத்தியால வெட்டுறது இதெல்லாம் இருக்கும். நம்ம ஊருக்கு மாத்தின இந்திய ஹாக் 2002-ல வந்துச்சு, 12 கேள்வி, சேலையோ வேட்டியோ கட்டுறது, சம்மணம் போட்டு உக்காருறது, ஆட்டோல ஏறி இறங்குறது, காய்கறிச் சந்தைக்கு போயி வாங்குறது. எது தந்தாலும் ஒரு விஷயம் கவனி, 'பாத்ரூம் போயி வர முடியுமா'ங்கிற மாதிரி கேள்வி இருந்தா, வீட்டுல வெஸ்டர்ன் டாய்லெட் போட்டதுக்கு அப்புறம் முடியும். ஆனா அத போட்டதே முட்டு மடங்காததாலதான? அந்த மாதிரி எடத்துல பக்கத்துலயே எழுதி வைங்க, 'வெஸ்டர்ன் போட்ட பிறகு முடியுது, கல்யாண வீட்டுக்கு போனா முடியல'ன்னு. ஓரத்துல எழுதக் கூடாதுன்னு ஒண்ணுமில்ல. 'முடியுமா'ங்கிறதுக்கு பதில், இந்த ஒரு வாரத்துல யாரு உதவியும் இல்லாம முடிஞ்சுதாங்கிறதுதான், கஷ்டப்பட்டு என்னைக்காவது முடிஞ்சத வச்சு முடியும்னு குறிக்காண்டாம்.

டைரி. நாலு வாரம்னு கேட்டதும் அம்மாவுக்கு மலைப்பா இருக்கும். விரல் வலிக்கிற ஆள தினம் எழுதச் சொல்லுறாங்கன்னு எனக்கும் முதல்ல கோவம் வந்துச்சு, கேட்டேன், ஃபோன்ல வாய்ஸா பேசி அனுப்பலாம்னாங்க. நீயும் கேளு. ஒரே ஒரு வேண்டுகோள், அன்னன்னைக்கு எழுதணும், ஆஸ்பத்திரிக்கு போற அன்னைக்கு காலையில உக்காந்து 28 நாளுக்கும் சேத்து எழுதக் கூடாது, ட்ரையல்ல வேல பாத்தப்ப அப்படி ஒரே பேனாவுல ஒரே கையில எழுதின டைரிய நெறைய பாத்திருக்கேன், அது ஒருத்தருக்கும் பிரயோசனப்படாது. விட்டுப்போன நாள விட்டுப்போனதாவே விடலாம்.

எனக்க டைரியில என்ன தெரிஞ்சுதுன்னா, ஞாயித்துக்கிழம ராத்திரி மெத்தோட்ரெக்ஸேட் போடுவேன், திங்கக்கிழம முழுக்க குமட்டலும் தல கனமும், ஆனா நான் அத 'திங்கக்கிழம வேல கூடுதல்'னு நெனச்சுக்கிட்டே வருஷக்கணக்கா ஓட்டியிருக்கேன். நாலு திங்கக்கிழமயும் வரிசையா எழுத்துல பாத்தப்பதான் புரிஞ்சுது. ஒரு நகல் எடுத்து எனக்க டாக்டர்கிட்ட காட்டினேன், அவரு மாத்திரை நாள வெள்ளிக்கிழம ராத்திரிக்கு மாத்தி, ஃபோலிக் ஆசிட் எடுக்குற விதத்தையும் பாத்து சொன்னாரு. இது ஆராய்ச்சி கொடுத்த வைத்தியம் இல்ல, நான் எழுதினது எனக்கே உதவிச்சு, அவ்வளவுதான். அம்மாவும் ஒரு நகல் வச்சுக்கட்டும். டைரிய பாத்துட்டு நீங்களா மருந்த மாத்தாதீங்க, மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள்தான், தினம் எடுத்தா உயிருக்கே ஆபத்து, இத எத்தனை தடவ சொன்னாலும் தகும். ஆனி ஆடிச் சாரல்லயும் ஐப்பசி மழையிலயும் கூடுதான்னும் எழுதச் சொல்லு, நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு பருவ மழையும் உண்டுலா, நம்ம ஆளுக எல்லாரும் மழைக்கு கூடும்னு சொல்லுவாங்க, எனக்கு கூடும்.

ஒண்ண மறைக்கவே கூடாது. எண்ணெய், தடவுறது, வர்ம ஆசான்கிட்ட போறது, கஷாயம், பொடி. நம்ம மாவட்டத்துல சரவாங்கி வந்து ஆசான் வீட்டு திண்ணையில உக்காராத ஆள் கொறவு, நானும் உக்காந்திருக்கேன், தைலம் போட்டு தடவினா அன்னைக்கு ராத்திரி சுகமா இருக்கும், அத நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா டாக்டர் திட்டுவாருன்னு அங்க சொல்ல மாட்டோம். ஆராய்ச்சியில சொல்லணும், திட்ட மாட்டாங்க, சம்மதிச்ச ஆளுகள திட்டுறதுக்கு அவங்களுக்கு அதிகாரமும் இல்ல. முக்கியமா பேரு ஒட்டாத பொடி, மாத்திர ஏதும் எடுத்தா கண்டிப்பா சொல்லணும், சிலதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும், வீக்கம் சட்டுனு வடியும், ஸ்கோர் இறங்கும், ஆராய்ச்சியும் தப்பாகும், அம்மா உடம்பும் கெடும்.

இதுல அம்மாவுக்கு என்ன கிடைக்கும்னு கேட்ட. நேரடியா ஒண்ணும் கிடைக்காது. வலி குறையாது, சீட்டு சீக்கிரம் கிடைக்காது. முதல் ஆராய்ச்சிக்கு எனக்கு ஒரு முடிவும் வரவே இல்ல, ஒரு ஃபோன் கூட இல்ல, நான் அவ்வளவு சொல்லிட்டு வந்தேன், என்ன எழுதினாங்க, எங்க போச்சுன்னு தெரியாது, அது எனக்கு இன்னைக்கும் வருத்தம்தான். ரெண்டாவது தடவ நான் கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே 'முடிவு வந்தா தமிழ்ல ஒரு பக்கம் எழுதித் தருவீங்களா'ன்னு கேட்டேன், தாறோம்னாங்க, எட்டு மாசம் கழிச்சு தபால்ல வந்துச்சு. அதுல பெயர் இல்லாம ஒரு வரி இருந்துச்சு, முடி வெட்டின காரணத்த வீட்டுல மறைச்ச ஒரு பங்கேற்பாளர்னு. அந்த ஆராய்ச்சியிலயும் அதே கேள்வி வந்துச்சு, அதே பதில்தான் சொன்னேன். அந்த வரிய மருமககிட்ட காட்டினேன், அவ வாசிச்சுட்டு ஒண்ணும் சொல்லல, மறுநாள் காலையில சீப்ப எடுத்துட்டு வந்து பின்னாடி நின்னா.

நீயும் அத கேளு, சம்மதப் படிவத்துலயே எழுதி வாங்கு.

நேரம் குறிக்கும்போது காலையில 8 மணி 9 மணின்னா வேண்டாம்னு சொல்லு. உங்க மார்த்தாண்டத்துல இருந்து அந்த நேரத்துக்கு போகணும்னா விறைப்பு விடுறதுக்கு முன்னாடியே பஸ் ஏறணும், படியில கால் வைக்கவே முடியாது. 11 மணிக்கு மேல கேளு. அம்மா எடுக்குற எல்லா மருந்து அட்டையையும், எண்ணெய் குப்பியையும் சேத்து ஒரு பையில போட்டு கொண்டு போங்க, கடைசியா எடுத்த ரத்த ரிப்போர்ட்டையும் வச்சுக்கோ. தகவல் தாள் கையில கிடைச்சதும் அதுல புரியாத எடத்த எனக்கு எழுது, பேரையும் நம்பரையும் மறைச்சுட்டு அனுப்பு, நான் வாசிச்சு சொல்லுறேன்.